தண்ணியை விட்டவன்

செத்துப்போனவனை நேருக்கு நேர் நின்று திட்ட வேண்டும் என்று பல பேருக்கு ஆசை இருக்கும். எனக்கு அது வாய்த்தது. அதற்காகத்தான் அந்த வேலைக்கே போனேன். தொண்டு, பாரம்பரியம், மண்ணாங்கட்டி என்று அவர்கள் சொன்னது எதற்காகவும் போகவில்லை.

செம்மலை ரயிலுக்கு நீராவி இன்ஜின் வரைந்து கொடுத்தவன் வைத்தியலிங்கம். ஊர் உலகமெல்லாம் கரண்டுக்கும் பேட்டரிக்கும் போன பிறகு, மலைக்கு நீராவிதான் அழகு என்று ஒற்றைக் காலில் நின்று ஆறு இன்ஜின்களைப் புதிதாகக் கட்டவைத்தான். வெள்ளைக்காரன் பத்திரிகையிலெல்லாம் அவன் படம் வந்தது. அடிவாரம் ஸ்டேஷனில் வெண்கலச் சிலை நிற்கிறது. காக்கா அதற்குரிய மரியாதையைத் தினமும் செய்துகொண்டிருக்கிறது.

அந்த ஆறு இன்ஜின்களில் ஒன்றை ஓட்டியவன் என் அண்ணன் சூசை. மலை உச்சியைத் தாண்டி இறங்கும்போது பாய்லர் வெடித்தது. அண்ணனைத் துணியில் மூட்டையாகக் கட்டித்தான் கொடுத்தார்கள். விசாரணை நடந்தது. பாய்லரில் தண்ணீரை வற்றவிட்டது டிரைவரின் கவனக்குறைவு, இன்ஜின் வடிவமைப்பில் குறை எதுவும் இல்லை என்று தீர்ப்பு.

நீராவிக்காரர்கள் மத்தியில் கொலைகாரனுக்குக்கூட மன்னிப்பு உண்டு. பாய்லரில் தண்ணியை விட்டவனுக்குக் கிடையாது. எங்கள் ஷெட்டில் ஆயுத பூசைக்கு மதம் பார்க்க மாட்டார்கள். பாயும், எங்களை மாதிரிச் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரனும் எல்லாரும் இன்ஜினுக்குச் சந்தனம் வைப்போம். தண்ணியை விட்டவன் மட்டும் அன்றைக்கு இன்ஜினைத் தொடக் கூடாது. அண்ணன் செத்த பிறகு அந்தச் சந்தனக் கிண்ணம் என் பக்கமும் வரவில்லை. அண்ணன் மகள் பெர்னதெத் அப்போது கைக்குழந்தை. பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பெயரே ‘தண்ணியை விட்டவன் மக’ என்றுதான்.

மீதி இன்ஜின்கள் பேரீச்சம்பழத்துக்குப் போயின. ஒன்றே ஒன்று மிஞ்சியது. வைத்தியலிங்கத்தின் பேரன் ரகுநந்தன் ஒரு அறக்கட்டளை வைத்து அதைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தான். மறுபடியும் மலை ஏற்றப் போகிறேன் என்று கிளம்பினான். பாய்லருக்குத் தீ மூட்டச் சான்றிதழ் உள்ள ஆள் ஒருவன் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். சான்றிதழ் வைத்திருந்தவர்களில் நடமாட்டத்தோடு இருந்தது நான் ஒருவன்தான். வேறு வழியில்லாமல் என்னைக் கூப்பிட்டான்.

ஷெட்டுக்குள் இன்ஜினுக்குப் பக்கத்தில் பால் பூத் அளவுக்கு ஒரு பெட்டி. அதில் இரண்டு கேமரா, ஒரு ஸ்பீக்கர்.

“இதுதான் தாத்தா,” என்றான் ரகுநந்தன்.

“எது?”

“ஆஸ்பத்திரியில கடைசியா இருந்தப்பவே அவர் மூளையை முழுசாப் படிச்சு வெச்சுட்டோம். அவர் வரைஞ்சது, எழுதினது, பேசினது எல்லாத்தையும் அதோட சேர்த்தாச்சு. இந்த இன்ஜின்ல ஒரு நட்டை மாத்தணும்னாலும் அவர் சம்மதம் வேணும். அறக்கட்டளை விதி அது.”

“அப்ப உசுரோட இருக்காருங்கறீங்க.”

“இருக்கிற மாதிரி.”

“கோவம் வருமா?”

“நல்லாவே வரும்.”

“பழசெல்லாம் ஞாபகம் இருக்குமா? இல்ல மறந்துருமா?”

“நாம மறக்கச் சொன்னா மறந்துடுவார்,” என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. சிரித்துக்கொண்டே பேசுகிற படித்தவனை நான் நம்புவதே இல்லை.

அவன் அந்தப் பக்கம் போனதும் பெட்டி பேசியது. திருநெல்வேலிப் பேச்சு, அசல் அவன் குரல். விசாரணையில் கேட்ட அதே குரல்.

“வாரும்வே. யாரு நீரு?”

“சூசையோட தம்பி.”

“எந்த சூசை?”

“நீ கொன்ன சூசை.”

கேமரா என்னை மேலும் கீழும் பார்த்தது. பிறகு, “சரி, உள்ள வாரும். இன்ஜினோட நெருப்புப் பெட்டியில துரு இருக்கு. அதைச் சுரண்டிக்கிட்டே திட்டும்,” என்றது.

அன்றைக்கு ஆரம்பித்தது. காலையில் போனதும் முதல் வேலை அவனைத் திட்டுவது. அப்புறம்தான் இரும்பில் கை வைப்பேன். ஷெட்டில் வேலை செய்த வாலண்டியர்கள் முதலில் பதறினார்கள். ‘ஐயாவை’ இப்படிப் பேசலாமா என்றார்கள். ‘ஐயா’வுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. அவனும் பதிலுக்குப் பதில் கொடுத்தான்.

“மட்டமான தகடை வாங்கிப் போட்டு அடிச்சிருக்கடா. கமிஷன் யாருக்குப் போச்சு?” என்பேன்.

“தகடு நல்ல தகடுவே. குறை சொல்லணும்னா ஒழுங்கா ஒரு குறையச் சொல்லும். சுத்தியல் புடிக்கத் தெரியாதவன்லாம் என் தகடைப் பத்திப் பேசப்பிடாது.”

பெர்னதெத்துக்குத்தான் இது பொறுக்கவில்லை. அந்த இன்ஜினை ஓட்டப்போகிறவள் அவள். பேட்டரி ரயில் ஓட்டிக்கொண்டிருந்தவள், நீராவி படித்து, பரீட்சை எழுதி, அப்பன் ஏறிய அதே மலையில் அதே மாதிரி இன்ஜினை ஒழுங்காக ஏற்றி இறக்கிக் காட்டிவிட்டால் அந்தப் பெயர் போய்விடும் என்று நம்பி வந்தவள். அப்பன்தான் தப்பு செய்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஊர் சொல்லிச் சொல்லி அது அவளுடைய ரத்தத்தில் ஏறிவிட்டது.

“சித்தப்பா, அப்பா பண்ணின தப்புக்கு அவரைத் திட்டாதீங்க. எனக்கு அசிங்கமா இருக்கு.”

“உங்கப்பன் தப்புப் பண்ணலைடி.”

“பின்ன?”

“தகடு சரியில்ல.”

“யாரு சொன்னா?”

“நான் சொல்றேன்.”

தலையில் அடித்துக்கொண்டு போய்விடுவாள். என்னிடம் இருந்தது கோபம் மட்டும்தான். ஆதாரம் என்று ஒரு மயிரும் கிடையாது. அது எனக்கும் தெரியும்.

ஒருநாள் மத்தியானம் எல்லாரும் கேன்டீனுக்குப் போயிருந்தார்கள். நான் இன்ஜின் படியில் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்தேன்.

“சவரியப்பன்,” என்றது பெட்டி. அதுவரை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. “அந்த டம்ளர்ல என்ன வே?”

“ரசம். வேணுமா?”

“பாதி டம்ளர் வச்சுக்கிட்டு, முன்னால சாய்ச்சுப் பாரும்.”

“எதுக்கு?”

“சாய்ச்சுப் பாருமேன்.”

சாய்த்தேன். ரசம் ஒரு பக்கமாக ஓடியது. எதிர்ப்பக்கம் டம்ளரின் அடி தெரிந்தது.

“அதான் பாய்லர்,” என்றான். “மலை ஏறும்போது தண்ணி பூரா பின்னால வந்து நெருப்புப் பெட்டிக் கூரை மேல நிக்கும். தண்ணி மட்டம் காட்டுற கண்ணாடிக் குழாய்ல நிறைய இருக்கிற மாதிரிதான் தெரியும். டிரைவர் நம்பிருவான். உச்சி தாண்டி மூக்கு கீழ சாஞ்சதும் அத்தனையும் முன்னால ஓடிரும். கூரையோட பின்பக்கம் காயும். கீழ நெருப்பு, மேல தண்ணி இல்ல. என்ன ஆகும்?”

“அதுக்குத்தான் ஈயம் இருக்கே,” என்றேன். நெருப்புப் பெட்டிக் கூரையில் ஈயம் வைத்த திருகு ஒன்று இருக்கும். தண்ணீர் வற்றினால் அந்த ஈயம் உருகி, ஆவி கீழே பாய்ந்து நெருப்பை அணைத்துவிடும். இன்ஜின் மானம் போகும். ஆள் பிழைப்பான்.

“ஈயம் இருக்கு. எங்க இருக்கு?”

“முன்பக்கம்.”

“தண்ணி எந்தப் பக்கம் ஓடுது?”

 டம்ளரைக் கீழே வைத்தேன்.

“ஈயத்துக்கு மேல குளம் மாதிரி தண்ணி கெடக்கும்போது அது எப்படிவே உருகும்? பின்னாலயும் ஒண்ணு வச்சிருக்கணும். நான் வைக்கல. எல்லா நாளும் வெடிக்காது. தண்ணி கொஞ்சம் கம்மியா இருக்கிற நாள்ல, கண்ணாடியை நம்பி எவன் உச்சியைத் தாண்டுதானோ அவனை வாங்கிரும். உம்ம அண்ணன் கண்ணாடியை நம்பினான். அவன் பேர்ல தப்பு கிடையாது.”

“இது உனக்கு எப்பத் தெரியும்? இப்பத்தான் கண்டுபிடிச்சியா?”

“இல்லவே.”

“பின்ன?”

“ஆறு இன்ஜினும் ஓட ஆரம்பிச்ச பிறகு ஒரு நாள். வீட்டுல சாப்பிட்டுட்டு மோர் குடிக்கும்போது டம்ளரைச் சாய்ச்சேன். தெரிஞ்சுபோச்சு.”

“அப்புறம்?”

“மோரைக் குடிச்சேன்.”

“அப்புறம்?”

“அவ்வளவுதான். நீராவியை ஒழிக்கணும்னு ஒரு கூட்டமே காத்துக்கிட்டு நின்னுது. குறை இருக்குன்னு வாயைத் திறந்தா ஆறையும் ஓரங்கட்டிருப்பான். டிரைவர்மாரு சூதானமா இருந்துக்கிடுவாங்கன்னு நினைச்சேன்.”

பக்கத்தில் பெரிய ஸ்பேனர் கிடந்தது. எடுத்தேன். எடுத்துவிட்டு அந்தப் பெட்டியைப் பார்த்தேன். அடித்தால் பிளாஸ்டிக்தான் உடையும். வாழ்நாள் பூரா இந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்து, அது வரும்போது அறைவதற்கு ஒரு கன்னம்கூட இல்லை.

“இத்தனை மாசமா ஏண்டா சொல்லல?”

“உயிரோட இருந்தப்பவே சொல்லாதவன். பழக்கம் போகுமா? அந்தப் புள்ள தினமும் வந்து எனக்கு வணக்கம் வைக்குது. அது சூசை மகள்னு நேத்துத்தான் ஒருத்தர் சொன்னாங்க.”

“அவகிட்ட நீயே சொல்லு.”

“சொல்லுதேன். முதல்ல ரகுகிட்ட சொல்லிப் பின்னால ஒரு ஈயம் போடச் சொல்லுதேன். காரணம் கேப்பான். உண்மையச் சொல்லிருவேன். என் பேரன், சொன்னாக் கேப்பான்.”

“கேக்கமாட்டான்.”

“உமக்கு யார் மேலயும் நம்பிக்கை கிடையாதுவே.”

“ஆமா. உன்னாலதான்.”

அவன் சொன்னான்: “ஒருவேளை கேக்காமப் போனா, நாளைக்கு இந்தப் பெட்டியில வேற ஒருத்தன் இருப்பான். அவனும் நாந்தான், ஆனா உம்மைத் தெரியாது. அவன்கிட்ட, மோர் டம்ளரை எதுக்குச் சாய்ச்சீருன்னு கேளும். அது எந்தக் காகிதத்துலயும் கிடையாது. என் மண்டைக்குள்ள மட்டும்தான் இருக்கு.”

சாயங்காலம் பெர்னதெத் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். தோசை ஊற்றிக்கொண்டே கேட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“போன வாரம் தகடு சரியில்லன்னீங்க. இந்த வாரம் ஈயமா?”

“அவனே சொன்னான்டி.”

“அவர் வாயால சொல்லட்டும். அன்னைக்கு நம்புறேன்.”

“நாளைக்கு என்கூட வா.”

வந்தாள். ரகுநந்தன் எங்களுக்கு முன்பே வாலண்டியர்களோடு ஷெட்டில் நின்றுகொண்டிருந்தான். கண்ணெல்லாம் சிவந்து, அழுதவன் மாதிரி இருந்தான்.

“வாரும்வே. யாரு நீரு?” என்றது பெட்டி.

முதல் நாள் கேட்ட அதே கேள்வி. அதே குரல். 

“தாத்தாவுக்கு நேத்து ஒரு கோளாறு,” என்றான் ரகுநந்தன். “என்னென்னவோ உளற ஆரம்பிச்சுட்டார். பழைய நிலைக்குக் கொண்டுவந்துட்டோம். எங்க தாத்தா அப்படியெல்லாம் பேசுற ஆள் இல்ல. எனக்குத் தெரியும், நான் அவர் மடியில வளர்ந்தவன். பெரியவரே, நீங்க தினமும் திட்டித் திட்டித்தான் இப்படி ஆச்சுன்னு டெக்னீஷியன் சொல்றார். இனிமே அவர்கிட்ட பேசறதா இருந்தா நான் கூட இருக்கணும்.”

நான் அவனைக் கண்டுகொள்ளவில்லை. பெட்டிக்கு நேராகப் போய் நின்றேன்.

“மோர் டம்ளரை எதுக்குச் சாய்ச்ச?”

 கேமரா என்னைப் பார்த்தது. பிறகு மெல்லத் திரும்பி ரகுநந்தனைப் பார்த்தது. பெர்னதெத்தைப் பார்த்தது. மறுபடியும் என்னிடம் வந்தது.

“மோரா? எனக்கு மோரே ஆகாதே வே. சளி புடிக்கும்.”

ரகுநந்தன் சிரித்துவிட்டான்.

“உச்சியில எங்க அண்ணன் சூசை எப்படிச் செத்தான்? இந்தா நிக்கிறா, அவன் மக.”

“ஓ, அந்த சூசையா? தண்ணியை விட்டான். செத்தான். அவன் மக முன்னால வச்சு என் வாயைக் கிளறாதீரும்.”

பெர்னதெத் விறுவிறுவென்று நடந்தாள். வெளியே வந்து வேப்ப மரத்தடியில் நின்று சொன்னாள்: “போதுமா? அவர் வாயால கேட்டாச்சு. இத்தனை பேர் முன்னாடி அதைக் கேக்க வெச்சீங்கல்ல, உங்களை மன்னிக்கவே மாட்டேன்.”

பாய்லர் இன்ஸ்பெக்டரிடமும் போனேன். வரைந்தவரே சரி என்று சொல்லியிருக்கும்போது நீர் யாரய்யா என்று கேட்டார். தண்ணியை விட்டவனின் தம்பி என்று சொல்ல வாய் வரவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

ஆயுத பூசையன்று துவக்க விழா. மந்திரி, டிவிக்காரர்கள், ரயில் பெட்டிகள் நிறைய ஜனம், வாழை மரம், பூசணிக்காய். பெர்னதெத் புதுச் சீருடையில் மேடையில் உட்கார்ந்திருந்தாள். ஆளுயர மாலை போட்டார்கள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை. அது அப்படியே சூசையின் முகம்.

இன்ஜின் மேல் நான் ஒருவன்தான். விடியும் முன்பே தீ மூட்டி ஆவி ஏற்றியாயிற்று. கண்ணாடிக் குழாயின் மேல் திருகையும் கீழ்த் திருகையும் மூடினேன். உள்ளே இருந்த தண்ணீர் பாதியில் அப்படியே நின்றது. யார் எட்டிப் பார்த்தாலும் எல்லாம் சரி என்றுதான் தெரியும். பிறகு அடி வால்வைத் திறந்துவிட்டேன். புஸ்ஸென்று தண்ணீர் வெளியே போனது.

“என்ன பெரியவரே, இவ்வளவு தண்ணி போகுது?” என்றான் ஒரு வாலண்டியர்.

“சேறு போகணும். நீ போய்ப் பொங்கல் வாங்கு, தீர்ந்துறப் போகுது.”

போய்விட்டான். நெருப்பை வாரிப் போட்டேன். கதவைச் சாத்தினேன். கண்ணாடித் திருகுகளைத் திரும்பத் திறந்தேன். குழாயில் ஒரு சொட்டு இல்லை. அந்த வெறும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நீராவிக்காரன் எவனும் அதைத் தெரிந்தே பார்க்க மாட்டான்.

ஷெட்டில் தரை மட்டம். ஈயத்தை மூடிக்கொள்ள அங்கே தண்ணீர் ஓடி வராது. ஈயம் உருகியது. நெருப்புப் பெட்டிக்குள் ஆவி பாய்ந்த சத்தத்தில் நாதஸ்வரம் நின்றது. புகைபோக்கியிலிருந்து சாம்பலும் ஆவியும் கொட்டி மந்திரியின் வேட்டியெல்லாம் கரி. நெருப்பு செத்தது. இனி வண்டி மலை ஏறாது.

பெர்னதெத் மாலையோடு ஓடிவந்து இன்ஜினில் ஏறினாள். கண்ணாடியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“தண்ணியை விட்டுட்டீங்களா?”

“ஆமா.”

“கண்ணு முன்னாடி கண்ணாடி இருக்கு. பார்க்கலையா?”

“தெரியல.”

“தெரியலையா?” மாலையைப் பிய்த்து என் மேல் எறிந்தாள். “அண்ணனும் தம்பியும் சேர்ந்து எங்களை வாழவே விடமாட்டீங்களா? கீழ இறங்குங்க. இனிமே இந்த வண்டியைத் தொடக் கூடாது. இறங்குங்க!”

இறங்கினேன். கூட்டத்தில் எவனோ கெக்கலித்தான். அப்போது பெட்டியிலிருந்து குரல் வந்தது. “அந்தக் கிழட்டுப் பயலை முதல்ல வெளிய அனுப்புங்கவே!” அதுதான் எல்லாவற்றையும்விடச் சுட்டது.

முதுமையாலும் பார்வைக் குறைவாலும் நேர்ந்த கவனக்குறைவு என்று எழுதி, சான்றிதழைப் பறித்தார்கள். ரயில்வே காலனியில் பழைய பெயர் புதிதாக உயிர் பெற்றது. டீக்கடையில் எனக்கு டம்ளர் வைக்கிறவன், “பெருசு, பார்த்து, தண்ணி இருக்கு,” என்பான். சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

வண்டி பல மாதங்கள் ஷெட்டிலேயே கிடந்தது. பெர்னதெத் ஒரு மத்தியானம் என் வீட்டுக்கு வந்தாள். கையில் மூடி போட்ட எவர்சில்வர் டம்ளர். உட்காரவில்லை.

“ஈயம் புதுசாப் போடுறாங்க. ஐயா புது வரைபடம் கொடுத்திருக்காரு,” என்றாள்.

“சரி.”

“ஒண்ணு இல்ல, ரெண்டு. பின்பக்கமும் ஒண்ணு.”

நான் அவளைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தேன்.

“என்ன காரணம் சொன்னான்?”

“‘இவ சித்தப்பன் மாதிரிக் குருட்டுப் பயலுவ தீ மூட்டுற காலம். என் இன்ஜின்ல குறை கிடையாது, ஆளுங்கதான் குறை. அதனால ரெண்டாப் போடு’ன்னாரு. ரகு சாருக்கு ஒரே சந்தோஷம். உடனே கையெழுத்துப் போட்டுட்டாரு.”

“ம்.”

“சித்தப்பா, அது அன்னைக்கு என் வீட்டுல நீங்க சொன்ன இடம்.”

அவள் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தேன்.

“இன்னொண்ணு. நான் கிளம்பும்போது கூப்பிட்டு, ‘அந்தக் கிழவனுக்கு ஒரு டம்ளர் மோர் கொண்டுபோய்க் குடு’ன்னாரு. அவருக்குத்தான் மோரே ஆகாதுன்னாரே. அவருக்கு எதுக்கு மோர் ஞாபகம்?” அவள் குரல் இறங்கியது. “நான் நேரா அவர்கிட்டயே கேக்கப்போறேன்.”

“கேக்காத.”

“ஏன்?”

“அங்க யாரு என்ன பேசினாலும் ரகு காதுக்குப் போயிரும். நீ கேட்டு, அவன் பதில் சொன்னான்னா, மறுநாள் காலையில பெட்டியில வேற ஆள் இருப்பான். பின்பக்கத்து ஈயமும் இருக்காது.”

அப்போதுதான் உட்கார்ந்தாள்.  உதடு மட்டும் அசைந்தது. அப்பா என்று சொல்லியிருப்பாள் என்று நினைக்கிறேன்.

“அப்ப ஊர்ல இனிமே அப்பா பேரு?”

“அப்படியேதான். என் பேரையும் சேர்த்துக்க.”

அவள் டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள். மூடியைத் திறந்தேன். மோரில் கறிவேப்பிலை மிதந்தது. மெதுவாகச் சாய்த்தேன். மோர் ஒரு பக்கம் ஓட, மறுபக்கம் டம்ளரின் அடி பளிச்சென்று தெரிந்தது. அவளும் பார்த்தாள்.

எழுந்து வாசலுக்குப் போய் மோரை அப்படியே சாக்கடையில் கொட்டினேன். டம்ளரைக் கழுவிக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தேன்.

“குடிச்சேன்னு சொல்லு,” என்றேன்.